ஈர வெங்காயத்துக்கு நாலு மதிப்பெண்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம். நேர்முகத்துக்கு வந்து உட்கார்ந்ததும் வீட்டைக் கழற்றி வாசலில் வைத்துவிடுவார்கள். அப்பாவுக்குக் காடு இருக்கிறது, சோளம் போட்டிருக்கிறோம், அம்மா குழுக்கடன் கணக்கு எழுதுகிறார் என்று எதுவும் வாயில் வராது. பயிற்சி வகுப்பில் எழுதிக்கொடுத்த கதைதான் வரும். கல்லூரி விழாவில் மைக் பழுதாகும், இவர் ஓடிப்போய் நிலைமையைச் சமாளிப்பார், எல்லாரும் கைதட்டுவார்கள். ஒரே காலையில் மூன்று பேர் இதே மைக்கைச் சரிசெய்ததைக் கேட்டிருக்கிறேன்.

வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் நான் உட்காரத் தொடங்கிப் பல வருஷம் ஆகிறது. அரியலூரில் சுண்ணாம்புக்கல்லை நம்பி சிமென்ட் ஆலைகள் வந்தன. பெரம்பலூரில் நாரணமங்கலத்துக்கு டயர் ஆலை வந்தது, 2023-இல் எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை திறந்தார்கள். வேலை பக்கத்தில் வந்துவிட்டது. கேள்விதான் மாறிவிட்டது. “உங்க பலம் என்ன?” என்று இப்போது நாங்கள் கேட்பதில்லை. “கூட இருக்கிறவங்க ஒத்துக்காத ஒரு முடிவை நீங்க எடுத்த சமயம் ஒண்ணு சொல்லுங்க” என்கிறோம். நாளைக்கு ஒருவர் எப்படி நடப்பார் என்பதை, நேற்று நடந்ததை வைத்துக் கணிக்கப் பார்க்கிறோம். டாம் ஜான்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 1982-இல் சோதித்துக் காட்டிய முறை இது.

ஒரு நாள் அந்தக் கேள்விக்கு ஒரு பெண் தயங்கினாள். “வீட்ல நடந்தத சொல்லலாமா சார்?”

“தாராளமா சொல்லும்மா.”

சின்ன வெங்காயம் எடுத்த நேரம். விலை இறங்கிக் கிடக்க, மொத்தத்தையும் சேமிப்புப் பட்டறையில் போட்டு வைக்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். பாதியை உடனே விற்றுவிடலாம் என்று இவள் நின்றிருக்கிறாள்.

குறுக்குக் கேள்வி போட்டேன். “ஏன் பாதி?”

“பாதி சரியா காயல சார். தாள் சேர்ற இடத்துல அமுக்கிப் பார்த்தா கொழகொழன்னு இருந்துச்சு. அத உள்ள போட்டா நல்லதையும் சேத்து அழுக வெச்சிரும்.”

“யார் பிரிச்சது?”

“நானும் அம்மாவும். ராத்திரி லைட்டு போட்டு.”

“அப்புறம்?”

“அப்புறம் வெல ஏறிருச்சு சார். அவசரப்பட்டு வித்துட்டேன்னு அப்பா ரெண்டு நாள் பேசல. ஆனா பட்டறையில போட்டது அழுகல.”

மனப்பாடக் கதை இரண்டாவது குறுக்குக் கேள்வியிலேயே சாய்ந்துவிடும். இது சாயவில்லை. முடிவில் கைதட்டலும் இல்லை. பக்கத்தில் இருந்த சக ஊழியர் பிறகு, “நஷ்டம்தானே சார், இதுக்கு எப்படி மார்க்?” என்றார். விலை ஏறும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? கையில் இருந்த தகவலை வைத்து என்ன செய்தாள், காரணம் சொல்ல முடிந்ததா, எதிர்ப்பு வந்தபோது எப்படி நின்றாள் என்பதற்குத்தான் மதிப்பெண். நான் நாலு போட்டேன், அவர் மூன்று.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணின் ஊர் என் அம்மா பிறந்த ஊருக்குப் பக்கம். பட்டறை என்று அவள் சொன்னதுமே எனக்கு மனசு இளகிவிட்டது. மதிப்பெண் தாள் இல்லாமல் என்னிடம் விட்டிருந்தால் எல்லாக் கேள்விக்கும் ஐந்து போட்டு, அன்றைக்கே நியமன உத்தரவு கொடுத்திருப்பேன். இளகுவது எனக்குப் புதிதில்லை. தெரிந்த ஊர், தெரிந்த பேச்சு, படித்த கல்லூரி என்று அதற்கு ஏதாவது கிடைத்துவிடும்.

அதற்குத்தான் அந்தத் தாள். எல்லாருக்கும் ஒரே கேள்விகள். எப்படிப்பட்ட பதிலுக்கு இரண்டு, எப்படிப்பட்டதற்கு நாலு என்று முன்பே எழுதியிருக்கும். ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன் அவரவர் மதிப்பெண்ணைப் போட்டுவிட வேண்டும். 2022-இல் பால் சாக்கெட் குழுவினர் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்குப் போட்டபோது, ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதை முன்கூட்டிக் காட்டுவதில் இப்படிக் கட்டுக்கோப்பாக நடத்தும் நேர்முகம்தான் முன்னால் நின்றது.

பாதுகாப்பு பற்றிய கேள்விக்கு அவள் சொன்னது பொதுப்படையான பதில். இயந்திரம் ஓடும்போது கையை விட்ட ஒருவரை எப்போதாவது தடுத்ததுண்டா என்று கேட்டதற்கு, “கவனமா இருக்கணும் சார்” என்றாள். இரண்டுக்கு மேல் தாள் இடம் தரவில்லை. எனக்குக் கை வரவில்லைதான், ஆனாலும் இரண்டுதான் போட்டேன். கூட்டிப் பார்த்ததில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயராகப் போய், அடுத்த அணியில் தரச்சோதனைப் பிரிவுக்குப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தாள்.