கடிக்கிற குதிரையும் நாலு பிரஷ்ஷும்

குதிரை தேய்க்கிற சாமான் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில அடங்கிடும். ரப்பர் சீப்பு ஒண்ணு, கெட்டி நார் பிரஷ் ஒண்ணு, மெத்துனு ஒண்ணு, முகத்துக்குச் சின்னதா இன்னொண்ணு, குளம்பு சுத்தம் பண்ற கொக்கி, ரெண்டு ஸ்பாஞ்ச், பழைய துண்டு. அவ்வளவுதான். ஆன்லைன்ல பார்த்தா டஜன் கணக்குல சாமான் அடுக்கி, ரோஸ் கலர் பெட்டியில போட்டு விக்கிறாங்க. அவசரப்பட்டு வாங்கிடாதீங்க. அதுல பாதி குதிரைக்கு இல்ல, நமக்கு :-)

வாரக் கடைசியில நான் சவாரி கத்துக்கப் போற லாயத்துல பதினோரு குதிரை. அதுல ராணின்னு ஒரு பெண் குதிரை, ரேஸ் ஓடி முடிச்சு வந்த தரோபிரெட். பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு யாராவது கிட்ட போனாலே காதைப் பின்னால மடிச்சுக்கும். வயித்துப் பக்கம் போனா திரும்பி ஒரு கடி. சவாரி சொல்லிக் கொடுக்கிற இடத்துல "கடிக்கிற குதிரை"ன்னு பேர் வாங்கிட்டா முடிஞ்சது கதை. சின்னப் பசங்க வந்து போற இடமாச்சே. வித்துடலாம்னு முதலாளி பேசவே ஆரம்பிச்சுட்டார். வயசான, கடிக்கிற குதிரையை எவன், எதுக்கு வாங்குவான்னு யோசிச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வரலை.

குதிரைக்கு வயித்துல புண் இருந்தாலும் இப்படிச் செய்யும், ரேஸ் குதிரைகளுக்கு அது ரொம்ப சகஜம். அதனால முதல்ல டாக்டர் வந்து பார்த்தார். அதெல்லாம் ஒண்ணும் இல்லைன்னுட்டார்.

விஷயத்தைப் பிடிச்சது அங்க முப்பது வருஷமா குதிரை பார்க்கிற அண்ணன்தான். புதுசா வந்த பையன் பல்லு வெச்ச இரும்புச் சீப்பால ராணியோட வயித்தை வரட்டு வரட்டுனு இழுத்துக்கிட்டு இருந்தான். அண்ணன் அதைப் பிடுங்கிட்டு, "அந்த இரும்பால உன் முதுகுல ஒரு இழு இழுக்கட்டுமாடா?"ன்னு கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இது குதிரைக்கு இல்ல சார், பிரஷ்ஷுக்கு" என்றார்.

அதேதான். இரும்புச் சீப்பு ஒரு கையில, மெத்து பிரஷ் இன்னொரு கையில. நாலு இழுப்பு குதிரை மேல, ஒரு இழுப்பு சீப்பு மேல. பிரஷ்ஷுல சேர்ந்த தூசியும் பிசுக்கும் சீப்புல இறங்கிடும். சீப்பைத் தரையில தட்டினா அழுக்கு கொட்டிடும். அதோட வேலை அவ்வளவுதான், குதிரை உடம்புல படவே கூடாது. தரோபிரெட்டுக்குத் தோல் வேற மெலிசு. ஒரு ஈ வந்து உட்கார்ந்தா அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டுற பிராணி அது. அதுக்கு இரும்புப் பல்லு எப்படி இருந்திருக்கும்?

பிரஷ் வாங்கும்போது ஒரே ஒரு சோதனை செஞ்சா போதும். உங்க மணிக்கட்டோட உள்பக்கம் வெச்சு நாலு தடவை இழுத்துப் பாருங்க. சிவந்து போச்சுன்னா, குதிரையோட முகத்துக்கும் வயித்துக்கும் அது ஆகாது. கெட்டி நார் பிரஷ் சதைப்பிடிப்பான இடத்துல காஞ்ச சேத்தைத் தட்டி விடறதுக்கு மட்டும். ரப்பர் சீப்பை வட்டம் வட்டமா சுத்தணும், அப்பதான் உள்ளே இருக்கிற மண்ணும் உதிர்ற முடியும் மேல வரும். எலும்பு துருத்திக்கிட்டு இருக்கிற முழங்கால், தாடை இதெல்லாம் ரப்பருக்குக் கூட வேண்டாம்.

வேர்வை இன்னொரு சமாச்சாரம். குதிரையோட வேர்வையில லாதரின்னு ஒரு புரதம் இருக்கு. சோப்பு மாதிரி நுரைக்கும். சேணத்துக்கு அடியில வெள்ளையா நுரை கட்டுறது அதனாலதான். அது காஞ்சு மொறுமொறுன்னு முடியில ஒட்டிக்கும். அதைக் கழுவாம அது மேலயே திரும்ப வயித்துப் பட்டையை இறுக்கினா உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்ச மாதிரிதான். சவாரி முடிஞ்சதும் ஸ்பாஞ்சால நனைச்சு எடுத்துடணும். முகத்துக்கு ஒரு ஸ்பாஞ்ச், வாலுக்கு அடியில துடைக்க இன்னொண்ணு. ரெண்டும் மாறிடக் கூடாதுன்னு கலர் வேற வேறயா வாங்குங்க. (ஏன்னு விளக்கணுமா?)

குளம்புக் கொக்கியை எப்பவும் குதிகால் பக்கத்திலேர்ந்து முன்னால இழுக்கணும். அடியில நடுவுல முக்கோணமா, ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதைக் குத்தாம, ரெண்டு பக்கமும் இருக்கிற பள்ளத்துல அடைஞ்ச சாணியையும் கல்லையும் எடுக்கணும். கருப்பா கசிஞ்சு அழுகல் வாடை வந்தா டாக்டரைக் கூப்பிடுங்க. வாலுக்குச் சீப்பே வேண்டாம், விரலால சிக்கெடுத்தா போதும்.

இப்ப ராணிக்கு வருவோம். 1993-ல பிரான்ஸ்ல காமார்க் குதிரைகளை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. குதிரைங்க ஒண்ணை ஒண்ணு சொறிஞ்சு விட விரும்புற இடம், அதாவது கழுத்து முடிஞ்சு முதுகு தொடங்குற மேட்டுப்பக்கம், அங்க மனுஷன் சொறிஞ்சு விட்டாலும் இதயத்துடிப்பு குறையுதாம். அண்ணன் எந்த ஆராய்ச்சியும் படிச்சதில்லை. ஆனா ராணியை அவர் அங்கதான் தொடங்கினார். ரப்பர் சீப்பு, ரொம்ப மெதுவா. ரெண்டு வாரம் வயித்துப் பக்கமே போகலை. மூணாவது வாரம் ராணி கண்ணைப் பாதி மூடி, மேலுதட்டை நீட்டி நின்னுச்சு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, தொண்டையும் அடைச்சுது.

இதுக்கு நடுவுல வேற ஒரு குதிரைக்குப் படர்தாமரை வந்து, பொது பிரஷ் மூலமா இன்னும் ரெண்டுக்குப் பரவி, அந்தப் பையன் முழங்கையிலயும் வட்டமா வந்துடுச்சு. மனுஷங்களுக்கும் தொத்தும் அது. முதலாளி அப்பதான் செலவு பண்ண ஒத்துக்கிட்டார். பழைய பிரஷ்களைத் தூக்கிப் போட்டுட்டு, குதிரைக்கு ஒரு வாளின்னு பதினோரு வாளி வாங்கினார். பெயின்ட்ல பேர் எழுதினது நான்தான். கட்டை வெச்ச பிரஷ்ஷைக் கழுவினா முள்ளு கீழ பார்க்கக் காய வைங்க. மேல பார்க்க வெச்சா தண்ணி கட்டைக்குள்ள இறங்கி, முள்ளு கொத்தா கழண்டு வந்துடும்.

விக்கிற பேச்சு இப்ப இல்லை. ராணி பெரியவங்களை மட்டும் ஏத்திக்கிட்டுப் போகுது, குழந்தைங்க கிட்ட இன்னும் விடலை. இடது பக்கம், வயித்துப் பட்டை படற இடத்துல மட்டும் இன்னமும் காது பின்னால போகுது. அங்க பிரஷ் எதுவும் வேண்டாம், வெறுங்கையால தடவி விடுங்கன்னு அண்ணன் சொல்லியிருக்கார்.