சவர்க்காரம் வியர்க்கிறது

வீட்டில் சவர்க்காரம் செய்து பார்த்தவர்களுக்கு இந்த அதிர்ச்சி தெரியும். அச்சிலிருந்து எடுத்து, கட்டிகளாக அறுத்து, அடுக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போவோம். காலையில் பார்த்தால் மேலே பிசுபிசுவென்று ஒரு பூச்சு. தொட்டால் விரலில் ஒட்டும். அம்மா இதற்கு வைத்திருக்கும் பெயர், "சோப்பு வேர்க்குது".

என் அம்மா 26 ஆண்டுகள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆள்குறைப்பில் வெளியே வந்த பிறகு ஆறு மாதம் தொலைக்காட்சியே கதி என்று இருந்தார். சவர்க்காரம்தான் அவரை மறுபடி எழுப்பி உட்கார வைத்தது. சின்னம்மா மகளின் வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க 60 கட்டி செய்து தருவதாக அவராகவே வாக்குக் கொடுத்தார். மூன்று வாரத்தில் மூன்று தட்டு, தட்டுக்கு 20. சின்னம்மா அதற்குள் 60 அட்டைப்பெட்டி அச்சடித்தும் விட்டார். அப்போதுதான் மூன்று தட்டும் வியர்த்தன.

துடைத்து, பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார் அம்மா. எனக்கு மனம் ஒப்பவில்லை. வருவதில் பாதிப் பேர் பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைக்காரர்களும். மேலே நிற்பது எண்ணெயா, கரையாமல் நிற்கும் காரமா என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது? வானொலியில் தினமும் யாரையாவது கேள்வி கேட்டே பிழைப்பவள் நான். அன்று கேள்விகளெல்லாம் அம்மாவுக்கு.

முதல் வேலை, இருவரும் கையுறை மாட்டினோம். அடுத்து பி.எச். தாள். கட்டியை நனைத்து லேசாக நுரைக்க வைத்துத் தாளை ஒற்றினால், நல்ல சவர்க்காரம் 9, 10 என்று காட்டும். 12-ஐத் தொட்டால் அதை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. நல்ல வேளை, மூன்றும் பத்துக்குள் நின்றன. "நாக்குல வச்சுப் பார்த்தா தெரிஞ்சிடுமே" என்றார் அம்மா. சவர்க்காரம் செய்கிறவர்களில் சிலர் அப்படிச் செய்வதுண்டு. நான் விடவில்லை.

முதல் தட்டின் பூச்சைத் துண்டுத்தாளால் ஒற்றி ஒரு கிண்ணம் நீரில் போட்டேன். எண்ணெயாக இருந்தால் மிதக்கும். இது கரைந்து காணாமல் போனது. ஆக, கிளிசரின். எண்ணெயும் காரமும் சேர்ந்து சவர்க்காரமாக மாறும்போது கிளிசரினும் கூடவே பிறக்கும். செவ்ரெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1823-இல் வெளியிட்ட நூலிலேயே கொழுப்பின் இந்தக் கட்டமைப்பை விளக்கிவிட்டார். பெரிய தொழிற்சாலைகள் கிளிசரினைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்றுக் காசாக்குவதுண்டு. வீட்டுச் சவர்க்காரத்தில் அது அப்படியே தங்கும். அதனால்தான் தோலுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் காற்றில் உள்ள ஈரத்தை அது இழுக்கும். நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும். மழை மாதத்தில் கேட்கவே வேண்டாம். மருந்து சுலபம்: குளிர்சாதன அறை, ஒரு மேசை விசிறி, கட்டிகளுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி. பிளாஸ்டிக்கில் மட்டும் சுற்றக் கூடாது. இரண்டே நாளில் காய்ந்தது.

இரண்டாவது தட்டில் மேல்புறத்தில் மட்டும் மஞ்சள் முத்துகள். மூக்கருகே கொண்டு போனதும் மல்லிகை வாசனை தூக்கியடித்தது. வாசனை எண்ணெய் கூடிப்போய்க் கசிந்திருக்கிறது. 1 கிலோ எண்ணெய்க்கு 30 கிராம் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு, அம்மாவுடையது கண்ணளவு. நான்கு நாளில் கட்டியே அதைத் திரும்பக் குடித்துவிட்டது.

மூன்றாவது தட்டுதான் எங்களைப் படுத்தியது. நாளிதழ்த் தாளில் வைத்தால் ஒளி ஊடுருவும் எண்ணெய்க் கறை. துடைத்தால் மறுநாள் மறுபடி. அறுத்துப் பார்த்தால் உள்ளேயும் மெழுமெழு. கலவை சரியாகச் சேராமல் போனாலும் இப்படி ஆகும். கெட்டிக் கொழுப்புகள் ஆறிப்போய்த் தடித்தால், கலவை கூடிவிட்டது போலப் பொய்த்தோற்றம் காட்டி, அச்சில் ஊற்றியதும் எண்ணெய் தனியாகப் பிரியும். அம்மாவோ கடையும் மின்கருவியால் பாயசப் பதம் வரும்வரை விடாமல் கடைபவர். அளவிலும் குறையில்லை. தினசரி நாட்காட்டியின் பின்பக்கத்தில் எல்லாம் எழுதியிருந்தார்: தேங்காயெண்ணெய் 300 கிராம், செம்பனை எண்ணெய் 400, ஆலிவ் எண்ணெய் 300, காஸ்டிக் சோடா 144.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 100 கிராம் தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 18.3 கிராம் சோடா வேண்டும். செம்பனைக்கு 14, ஆலிவுக்கு 13.5. மொத்தம் 151 கிராமுக்குச் சற்று மேலே. தோல் வறளாமல் இருக்க 5 விழுக்காடு எண்ணெய் மிச்சம் நிற்கட்டும் என்று சோடாவைக் குறைத்தால் 144. அம்மாவின் கணக்கு கச்சிதம்.

அப்புறம்தான் சோடா போத்தலைக் கேட்டேன். சமையலறை அலமாரியின் அடியில், மூடி சரியாகத் திருகாமல் இருந்தது. புதிய சோடாவைக் குலுக்கினால் அரிசி போலச் சலசலக்கும். இது கல்கண்டு போலக் கட்டியாகி அடியில் ஒட்டிக்கிடந்தது. காஸ்டிக் சோடா காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சும். தராசு என்னவோ 144 என்றுதான் காட்டும். அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரானால் உண்மையான சோடா 130 கிராம்தான். மிச்ச எண்ணெய் 5 விழுக்காட்டிலிருந்து 14-ஐத் தாண்டிவிடும். வேர்க்காமல் என்ன செய்யும்?

சந்தேகம் தீர, புதுப் போத்தல் திறந்து 200 கிராம் எண்ணெய்க்கு மட்டும் அதே கலவையைச் செய்தோம். மூன்றாம் நாள் அறுத்த கட்டி உலர்ந்து, விறைப்பாக, சின்னம்மாவைப் போலவே நிமிர்ந்து நின்றது.

(சோடாவை அதன் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலிலேயே இறுக மூடி வையுங்கள். அலுமினியப் பாத்திரம் அருகிலேயே வரக் கூடாது. சோடா அலுமினியத்தை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது.)

மூன்றாவது தட்டைச் சீவி, உருக்கி, சோடா சேர்த்துச் சரிசெய்யலாமே என்று அம்மா கேட்டார். எவ்வளவு சேர்ப்பது? பழைய சோடா எவ்வளவு வலுவிழந்தது என்று அளக்க எங்களிடம் வழியில்லை. குத்துமதிப்பாகச் சேர்த்துக் காரம் கூடினால், எண்ணெய்ப் பிசுக்கைவிட அது ஆபத்து. இப்படியே விட்டால் தீங்கில்லை. ஆனால் நுரை குறையும், மிச்ச எண்ணெய் இந்த வெயிலில் சீக்கிரம் சிக்குவாடை அடித்து ஆரஞ்சுப் புள்ளி விழும். வீட்டில் துணி துவைக்கலாம். பெட்டியில் போட்டு உறவுக்குக் கொடுக்க முடியாது. புதிதாகச் செய்யவும் நேரமில்லை. காய நான்கு வாரம் வேண்டும், வளைகாப்புக்கு இருந்தது 16 நாள்.

அம்மா அரைமணி நேரம் பேசவில்லை. ஆள்குறைப்புக் கடிதம் வந்த அன்றும் அப்படித்தான் இருந்தார். பிறகு அவரே சின்னம்மாவுக்குத் தொலைபேசி போட்டார்.

"தங்கச்சி, நாற்பதுதான் தேறும். மிச்சம் இருபது சரியில்ல, நான் குடுக்கமாட்டேன்."

"அறுபது பெட்டி அடிச்சிட்டேனேக்கா!"

"அது எனக்கும் தெரியும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி விடு, அந்த இருபதுல கற்கண்டு போட்டுக்கலாம்" என்றார் சின்னம்மா. "எனக்கு மட்டும் அந்த மல்லிகைச் சோப்பு ரெண்டு தனியா எடுத்து வை."