பாகான் டத்தோ கரையில் அப்பாவுடன் ஒரு மாலை

தெலுக் இந்தான்காரர்களிடம் கடற்கரை எங்கே என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். எங்களுக்கு ஆறுதான் எல்லாம். பேராக் ஆறு ஊரை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. வெளியூர் நண்பர்கள் வந்தால் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தைக் காட்டி, செ சியோங் ஃபான் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஊத்தான் மெலிந்தாங் வழியாகப் பாகான் டத்தோவுக்குக் காடியை விட வேண்டும்.

வெள்ளை மணலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சேறும் கண்டல் மரங்களும் மீன்பிடிப் படகுகளும்தான் இருக்கும். ஆனால் மலாக்கா நீரிணையில் சூரியன் இறங்குவதைப் பார்க்க அந்த ஒரு மணி நேரப் பயணம் தகும். போன பள்ளி விடுமுறையில் அப்பாவையும் அம்மாவையும் மனைவி, மகளோடு அங்கே அழைத்துப் போனேன். பின்னால் ஐஸ் தொட்டியில் நான்கு டின் பீர் இருந்தது. அம்மாவுக்குத் தெரியாது.

அப்பாவுக்கு வயது 68. பால்மரம் வெட்டி எங்களைப் படிக்க வைத்தவர். நானும் அவரும் சேர்ந்து குடித்ததே இல்லை. நம் வீடுகளில் பல பேருக்கும் அப்படித்தான். இருவரும் குடிப்போம், ஆனால் ஒருவர் கண்ணில் ஒருவர் படமாட்டோம். முப்பத்தைந்து வயதில் அந்த ஒளிவுமறைவு எனக்கு அலுத்துவிட்டது. கடலைப் பார்த்து உட்கார்ந்து, அப்பாவுடன் ஆளுக்கு ஒரு டின். ஆசை அவ்வளவுதான்.

வழியெல்லாம் தென்னையும் செம்பனையும். தென்னையைப் பார்த்ததும் அப்பாவுக்குப் பேச்சு வந்தது. காலையில் இறக்கிய கள் எப்படி இனிக்கும், வெயில் ஏற ஏற எப்படி உறைக்கும், மறுநாள் எப்படிக் காடியாகப் புளிக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாளையைச் சீவி முட்டி கட்டினால், சொட்டும்போதே நுரைக்கத் தொடங்கிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். பின்சீட்டில் இருந்த என் மகள், "காடி குடிக்கிறதா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்த காடி நாங்கள் உட்கார்ந்திருந்ததுதான்.

தோட்டத்துக் கள்ளுக்கடை பற்றி நாம் சிரித்துப் பேசுகிறோம். அன்று அது சிரிப்பாக இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். மூன்றும் ஒரே பட்டியலில் இருந்தவை. சம்பளம் வாங்கிய கை வீட்டுக்குப் போகும் முன்பே காலியாவதை அவர்கள் மானப் பிரச்சினையாகப் பார்த்திருக்கிறார்கள்.

கரையில் பாயை விரித்தோம். பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தது. நான் ஐஸ் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனேன். முஸ்லிம் அல்லாதவர் 21 வயதுக்கு மேல் குடிப்பது நம் நாட்டில் குற்றமில்லை. 2017 டிசம்பர் வரை அந்த வயது 18ஆக இருந்தது. ஆனால் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத போதையில் பொது இடத்தில் கிடந்தால், 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டம் இருக்கிறது. சில இடங்களில் நகராண்மைக் கழகத்தின் அறிவிப்புப் பலகையும் இருக்கும். படித்துவிட்டு உட்காருவது நல்லது. சட்டத்துக்கு முன்னால் சபை நாகரிகம் என்று ஒன்று உண்டு. அதற்குப் பலகை தேவையில்லை. போதையோடு தண்ணீரில் இறங்கும் பேச்சே வேண்டாம், ஆறு கடலில் கலக்கும் இடம் இது.

அப்பாவைக் கூப்பிட்டு ஒரு டின்னை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். இன்னொன்றை நான் எடுத்ததும் கேட்டார்: "திரும்பி யாரு காடி ஓட்டுறது?"

மனைவிக்கு இரவில் நெடுஞ்சாலை ஓட்டப் பயம். அப்பாவுக்குக் கண்புரை. "ஒரு டின்தானேப்பா" என்றேன்.

"உங்க பெரியப்பாவும் அப்படித்தான் சொன்னாரு."

பெரியப்பா சம்சு குடித்துவிட்டுச் சைக்கிளில் வந்தவர், லோங்கானில் விழுந்தார். காலையில்தான் கண்டார்கள். எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அப்பா வாயால் அதைக் கேட்டது அன்றுதான்.

நான் சொல்ல நினைத்ததும் ஒன்று இருந்தது, சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண விருந்தில் மூன்று கிளாஸ் குடித்துவிட்டு நானே ஓட்டி வந்தேன். மகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை வானொலியில், "குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்" என்று குரலில் தேன் தடவி நேயர்களுக்குப் புத்தி சொன்னேன்.

அந்த இரவு என்னைச் சாலையில் நிறுத்தி ஊதச் சொல்லியிருந்தால்? 2020 அக்டோபரில் சட்டம் கடுமையானது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த மதுவின் அளவு 50 ஆனது. முதல் முறை பிடிபட்டாலே அபராதம் 10,000 முதல் 30,000 ரிங்கிட், இரண்டு ஆண்டு வரை சிறை. உயிர்ச்சேதம் ஏற்பட்டால் சிறைத்தண்டனை 10 முதல் 15 ஆண்டு. கோப்பி குடித்தால் தெளியும், எலுமிச்சை பிழிந்தால் இறங்கும் என்பதெல்லாம் நாமாகச் சொல்லிக்கொள்வது. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்; ஒரு டின்னுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் என்பது உத்தேசக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். கோலாலம்பூர் என்றால் கிராப் கூப்பிடலாம். பாகான் டத்தோவில் இருட்டிய பிறகு அதை நம்பி உட்கார முடியாது.

டின்னைத் திரும்ப ஐஸில் வைத்துவிட்டு இளநீர் வாங்கி வந்தேன். அப்பா மெதுவாகக் குடித்தார். ஏழரை மணிக்குச் சூரியன் இறங்கியது. அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அப்பா டின்னை மறைக்கவில்லை. அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. பொரித்த வாழைப்பழப் பொட்டலத்தை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

காலி டின்னைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஊத்தான் மெலிந்தாங் தாண்டும்போது அப்பா, "கண்ணு ஆபரேஷன் முடியட்டும். அடுத்த தடவ நான் ஓட்டுறேன், நீ குடி" என்றார்.

அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் மூன்று டின்னும் ஐஸ்பெட்டியில் இருக்கின்றன.