சிட்டியின் சொந்த ஊர்

ராமேசுவரத்திலிருந்து வரும் புது ரயில் தாம்பரத்தோடு நின்றுவிடுகிறது. எங்கள் தீவுக்காரர்கள் இறங்கிய கையோடு மின்சார ரயிலைப் பிடித்து எழும்பூருக்கும் பாரிமுனைக்கும் ஓடிவிடுவார்கள். நான் பார்க்க வந்ததே தாம்பரத்தைத்தான்.

சேலையூர் பக்கம் ஒரு டீக்கடை. தலைக்கு மேலே குட்டி விமானம் ஒன்று வட்டம் போடுகிறது, தாழ்கிறது, இறங்கியே விட்டது என்று நினைக்கும்போது விர்ரென்று மறுபடி ஏறுகிறது. டீ ஆறுவது தெரியாமல் அண்ணாந்து நின்றேன். "அது பாட்டுக்கு சுத்தும் சார். சத்தம் இல்லேன்னாத்தான் எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் இங்கேதான். விமானிகளை உருவாக்கும் வாத்தியார்கள், வாத்தியார் வேலையைக் கற்றுக்கொள்ளும் இடம்.

தாம்பரத்திலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை. சி. ராஜம் 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியின் வாசலில் எங்கள் ஊர்ப் பெருமையோடு நின்றேன். இங்கே காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்து மயங்கித்தான் எங்கள் ராமேசுவரத்து அப்துல் கலாம் வானூர்திப் படிப்பை எடுத்தார். தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை மாணவராக இருந்தபோதே வரைந்தார். 1989-ல் அவர் குழுவின் அக்னி ஏவுகணை பறந்தது. அவர் காலத்தில் இங்கே எலெக்ட்ரானிக்ஸ் படித்த ரங்கராஜன்தான் நமது எழுத்தாளர் சுஜாதா. ஒருவர் நிஜ ஏவுகணை செய்தார். மற்றவர் 'எந்திரன்' படத்துக்கு வசனம் எழுதினார். படம் வெளியான 2010-ல் அவர் இல்லை. அதில் விஞ்ஞானி வசீகரன் சிட்டி என்ற ரோபோவைச் செய்ததே ராணுவத்துக்காக என்பதைப் பாட்டுகளின் நடுவில் பலரும் மறந்திருப்போம். நடிகர் அஜித் ஆலோசகராக இருந்த 'தக்‌ஷா' ட்ரோன் குழுவும் இதே வளாகத்துப் பிள்ளைகள்தான்.

மறுபடி தாம்பரம் வந்து வேளச்சேரி பஸ் ஏறினேன். மேடவாக்கம் நெரிசலைத் தாண்டினால் பள்ளிக்கரணை. சாலையோரத்திலேயே தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம். இந்தப் பயணத்தில் என்னை அசர வைத்தது இந்த இடம்தான்.

2016 ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. அதில் 29 பேர். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து, இந்தக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தது. 2024 ஜனவரியில் அரசு அறிவித்தது.

அந்த ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் சுமார் 350 கிலோ அழுத்தும். வெளிச்சம் கிடையாது, ரேடியோ அலையும் போகாது. கப்பலோடு பிணைக்கும் கேபிள் இல்லாமல், கொடுத்த திட்டப்படி தானே நீந்தி, சோனார் ஒலியால் தரையைத் தடவித் தடவித் தேட வேண்டும். முகமில்லை, கையில்லை, பஞ்ச் டயலாக் இல்லை. நூறு துப்பாக்கி ஏந்திய சிட்டியைவிட இதுதான் எனக்குப் பெரிய எந்திரன்.

ஏழு வருஷமாகப் பதில் தெரியாமல் காத்திருந்த 29 குடும்பங்களுக்கு, தங்களவர்கள் போன இடத்தையாவது அது காட்டியது. அடுத்த ரோபோ படத்துக்குக் கதை தேடுகிற இயக்குநர்கள் ஒரு தடவை இந்த பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கரணையில் இறங்கலாம்.