வெயிலூரில் ஒரு வீடு

விருதுநகரில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களை முதலில் உபசரிப்பது வெயில்தான். ஆயினும் அதை நிந்திப்பது நன்றியன்று. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் பயின்று வந்த தீப்பெட்டித் தொழில், அருகிலுள்ள சிவகாசியில் வேரூன்றத் துணை நின்றது இந்த வறண்ட காற்றே. குச்சியும் வெடியும் உலர வெயில் வேண்டும் அல்லவா?

பகலில் சோறு போடும் அவ்வெயில், இரவில் வீட்டுக்குள்ளும் வந்து படுத்துக்கொள்வதுதான் தொல்லை. பகலெல்லாம் உஷ்ணத்தைக் குடித்த சிமெண்ட் தளம் இரவு முழுவதும் அதை உமிழ்கிறது. பட்டாசுச் சாலையில் உழைத்துத் திரும்புபவருக்கு உறக்கமில்லை. குளிர்சாதனம் வைத்தாலோ, மின்சாரக் கட்டணம் உறக்கத்தைக் கெடுக்கிறது!

முன்னோர் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் இட்டுக் கனத்த மச்சு அமைத்தனர். பர்மிங்ஹாமில் 1917-ல் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறிய லாரி பேக்கர், செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் 'எலிப்பொறி'ச் சுவரைப் பரப்பினார். செங்கல்லில் ஏறக்குறையக் காற்பங்கு மிச்சம். அடைபட்ட காற்று உஷ்ணத்தையும் தடுக்கிறது.

சூரியனிடமே வேலை வாங்கவும் வழியுண்டு. 2024-ல் தொடங்கிய மத்திய சர்க்கார் திட்டம், வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சூரியத் தகடுகள் அமைக்க 78,000 ரூபாய் உதவித் தொகை வகுத்தது. தகட்டின் நிழல் தளத்துக்கும் குடையாகும்.

ஆகவே, வீடு கட்டப் போகும் தாய்மார்களே! கொத்தனாரிடம் முகப்பின் அழகைப் பேசுமுன், மேற்குச் சுவரையும் அதன் பக்கத்தில் வைக்க வேண்டிய வேப்பங்கன்றையும் பற்றிப் பேசுங்கள்.