ஐம்பதுக்கு எத்தனை?

கீழ்க்கட்டளை பஸ் நிறுத்தத்துப் பக்கம் காலை ஆறு மணிக்கு ஒரு டீக்கடையில் போய் நின்றால், காப்பியைப் பற்றி ஒரு மகாநாடே நடப்பதைக் கேட்கலாம். "டிகாக்ஷன் ரெண்டாம் தண்ணி" என்பார் ஒருவர். "பால் நல்ல பால்தான், ஆனா ரெண்டு தடவை காய்ஞ்சிருக்கு" என்பார் இன்னொருவர். சிக்கரி ஒரு சிட்டிகை கூடிவிட்டால் முதல் வாயிலேயே முகத்தைச் சுளிக்கும் ஓய்வு பெற்ற ரயில்வே குமாஸ்தா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். இவர்களில் யாரும் ருசி சாஸ்திரம் படித்துத் தேறியவர்கள் அல்ல. ஆனால் இவர்கள் நாக்கை ஏமாற்றிவிட்டு ஒரு கடைக்காரர் ஒரு வாரம் பிழைக்க முடியாது.

இவர்களிலேயே சிலர் பகல் பன்னிரண்டு மணிக்கு அரசாங்க மதுக்கடை திறந்ததும் அங்கேயும் போய் நிற்கிறார்கள். எழுதுகிறவனுக்குக் காது கொஞ்சம் நீளம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவர்கள் பேசுவது என் காதில் விழும். "கூலிங் இருக்கா?", "எத்தனை பர்சென்ட்?", "எது விலை கம்மி?" இந்த மூன்று கேள்விகளுக்கு மேல் நான் கேட்டதில்லை. பீரைக் கையில் வாங்கியவர் எவரும், அது நன்றாக இருக்கிறதா, போன வாரம் குடித்ததைப்போல் இருக்கிறதா என்று விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. காலையில் சிக்கரியைக் கண்டுபிடித்த அதே நாக்கு, பகலில் எங்கே போய்விடுகிறது?

இந்தக் கேள்வி எனக்கு உறைத்ததற்குக் காரணம் என் அக்கா மகன். சிகாகோவில் வேலை பார்க்கிறான். போன தடவை லீவில் வந்தபோது பெட்டியிலிருந்து நான்கு தகர டப்பாக்களை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஒவ்வொன்றிலும் 355 மில்லி. ஒரு பிரயாணி இரண்டு லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம் என்பதால் கணக்காகத்தான் கொண்டுவந்திருந்தான். டப்பாவின்மேல் 312 என்று பெரிதாக எழுதியிருந்தது. "என்னடா இது, பஸ் நம்பரா?" என்று கேட்டேன். சிகாகோ நகரத்து மையப் பகுதியின் டெலிபோன் எண்ணாம். நமக்கு 044 மாதிரி. கூஸ் ஐலண்ட் என்ற கம்பெனி வடிப்பது. 1988-ல் சிகாகோவில் சின்னதாக ஆரம்பித்த இடம். 2011-ல் ஆன்ஹைசர்-புஷ் என்ற பெரிய கம்பெனி அதை வாங்கிவிட்டது.

"மாமா, இது அமெரிக்கக் கோதுமை பீர். நீங்க குடிக்க வேண்டாம். மார்க் போடணும்" என்றான்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் பீருக்கு மார்க் போடுவதற்கென்று பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட நீதிபதிகள் இருக்கிறார்கள். 1985-ல் தொடங்கிய ஏற்பாடு. என் மருமகனும் அந்தப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவர்கள் உபயோகிக்கும் தாளை அச்செடுத்து வந்திருந்தான். மொத்தம் ஐம்பது மார்க். மணத்துக்குப் பன்னிரண்டு, தோற்றத்துக்கு மூன்று, ருசிக்கு இருபது, வாயில் அது எப்படி இருக்கிறது என்பதற்கு ஐந்து, கடைசியில் பொதுவான அபிப்பிராயத்துக்குப் பத்து. முப்பதுக்குக் குறையாமல் வாங்கினால் 'மிக நன்று'. நாற்பத்தைந்தைத் தாண்டுவது அபூர்வம்.

மார்க்கைவிட என்னைக் கவர்ந்தது பக்கத்தில் விட்டிருந்த கோடுகள்தான். எண்ணை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போய்விடக் கூடாது. என்ன மணம், எவ்வளவு அழுத்தம், எது குறை, வடித்தவர் எந்தக் கட்டத்தில் கவனித்திருந்தால் அது நீங்கும் என்று எழுதவேண்டும். 'பிரமாதம்' என்று எழுதினால் அந்தத் தாள் செல்லாத தாள் மாதிரிதான். நான் இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். எனக்கு வரும் கடிதங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு 'மிகவும் நன்றாக இருந்தது' என்பதோடு முடிந்துவிடும். அந்தத் தாளைப் பார்த்தபோது பீர் வடிக்கிறவர்கள்மேல் எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது.

முதல் காரியமாக, சாப்பாட்டு மேஜையிலிருந்த பூவன் பழச் சீப்பைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைக்கச் சொன்னான். சமையலறைக் கதவைச் சாத்தச் சொன்னான். என் மனைவிக்கு இது வேடிக்கையாக இருந்தது. "பொண்ணு பார்க்க வந்தாக்கூட இவ்வளவு ஆசாரம் கிடையாதே!" என்றாள். ஆனால் பழத்தை அப்புறப்படுத்தியதற்குச் சரியான காரணம் உண்டு. ஜெர்மனியில், முக்கியமாக பவேரியாவில், கோதுமை பீர் பழைய சமாசாரம். அங்கே அதைப் புளிக்கவைக்கும் ஈஸ்டு தனி ஜாதி. அது வாழைப்பழ வாசனையையும் கிராம்பு வாசனையையும் கொடுக்கும். வாழைப்பழத்துக்கு மணம் தரும் அதே ரசாயனப் பொருள்தான் அந்தப் பீரிலும் உண்டாகிறது. அமெரிக்கர்கள், 1986-ல் போர்ட்லண்டில் விட்மர் சகோதரர்கள் வடித்ததிலிருந்து, வாசனை அதிகம் தராத ஈஸ்டைப் போட்டு வேறு வழியில் போனார்கள். ஆகவே அமெரிக்கக் கோதுமை பீரில் வாழைப்பழம் மணந்தால் மார்க் குறையும்! ஜெர்மானியருக்கு அழகாகப் பட்டது அமெரிக்க வகையில் குற்றம். இலக்கணம் என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதைத் தமிழ் வித்துவான்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு தகவலும் சொன்னான். பார்லிக்கு உமி உண்டு, கோதுமைக்குக் கிடையாது. கோதுமையை அதிகம் சேர்த்தால் ஊறல் களியாகி, வடிகட்டும்போது அடைத்துக்கொண்டுவிடும். அதற்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நெல் உமியைக் கலக்கிறார்கள். ருசியைத் தொடாமல், சாறு இறங்குவதற்கு இடம் விட்டுக்கொண்டு நிற்கும். எங்கள் ஊர் ஏரியின் கீழே நெல் விளைந்த காலத்தில், உமியை அடுப்புக்கும் பல்பொடிக் கரிக்கும் தவிர வேறு எதற்கு உபயோகிப்பது என்று யாரும் யோசித்ததில்லை.

மூன்று மணி வெயிலில் டப்பாவைத் திறந்தான். சில்லிப்பு கொஞ்சம் அடங்கும்வரை காத்திருக்கச் சொன்னான். அதிகக் குளிர்ச்சி நாக்கை மரத்துப் போகச் செய்துவிடுமாம். 'கூலிங்' கேட்கிறவர்கள் கவனிக்கவும். மெல்லிய கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல்கடை ஊற்றினான். புது வைக்கோலின் நிறம். கொஞ்சம் மங்கல். கோதுமையின் புரதம் அப்படித்தான் மங்கலாக நிற்கும், அது குறையல்ல. நுரை வெள்ளையாக எழுந்து சீக்கிரமே அமர்ந்துவிட்டது. தோற்றத்துக்கு இரண்டு கொடுத்தேன்.

மூக்கில் முதலில் பட்டது ரொட்டி மாவு. அதற்குப் பின்னால் மெல்லிதாக எலுமிச்சை போல ஒன்று. ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருவது. அமெரிக்காவில் 1972-ல் புழக்கத்துக்கு வந்த காஸ்கேட் என்ற ரகம் இந்த எலுமிச்சை வாசனைக்குப் பேர் போனதாம். வாயில் வைத்தால் சன்னமான தித்திப்பு, கசப்பு என்று சொல்லத் தயங்கும் ஒரு கசப்பு, பிறகு ஒன்றுமில்லை. எதிர்பார்த்த இடத்தில் அது கையை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆனால் வெயிலுக்கு இதமான பானம். ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். அரசாங்கக் கடையில் ஜனங்கள் தேடி வாங்குகிற 'ஸ்ட்ராங்' பீரில் எட்டு சதவீதம்வரை இருக்கும். நான் போட்டது முப்பத்தொன்று. மருமகன் போட்டது முப்பத்துமூன்று. இவ்வளவு தூரம் பிரயாணம் செய்ததில் ஹாப்ஸ் மணம் சற்று வாடியிருக்கிறது, சிகாகோவில் புதிதாகக் குடித்தால் இன்னும் மூன்று மார்க் கூடும் என்று கீழே எழுதினான்.

இதுவரை வேடிக்கை. இதற்கப்புறம் என் அம்மா வந்தாள்.

அம்மா இருக்கும் வீட்டில் மது டப்பா திறப்பது சுலபமான காரியமல்ல. அவளுடைய தம்பி, என் தாய்மாமன், குடித்தே போனவர். இந்தக் கீழ்க்கட்டளையில் ஏரிக்கரைப் பக்கம் இருந்த நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றார். இன்றைக்கு ரேடியல் ரோடு போகிற பக்கத்தில் இருந்த அந்த மண்ணின் விலையை அம்மா யாரிடமும் கேட்கமாட்டாள். சாராயக்கடை இருந்தவரை சாராயம், பிறகு குவார்ட்டர். பிள்ளைகள் இரண்டும் எங்கள் வீட்டில் வளர்ந்தன. ஆகையால் அவள் அறைக்குள் நுழைந்ததும் நானும் மருமகனும் எழுந்து நின்றுவிட்டோம்.

அவள் கோபிக்கவில்லை. மேஜைமேல் இருந்த தாள்களையும் பென்சிலையும் பார்த்தாள். "என்னடா, பரீட்சை எழுதறீங்களா?" என்றாள். பேரன் விளக்கினான். அவள் டம்ளரை எடுத்தாள். குடிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்க்கிற பாவனையில் மோந்தாள்.

"தோசை மாவு. நேத்து அரைச்சது இல்லை, இன்னைக்குக் காலையில அரைச்சது. மேல நார்த்தை இலையைக் கசக்கிப் போட்ட மாதிரி இருக்கு."

மருமகன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதில் 'எலுமிச்சை' என்றுதான் இருந்தது. நார்த்தை இலை என்று கேட்ட பிறகு மறுபடி மோந்தேன். நார்த்தை இலையேதான்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "உன் மாமன் ஒரு நாளும் இப்படி மோந்து பார்த்ததில்லைடா. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா ஊத்திக்குவான். சின்னப் பிள்ளையில பேதி மருந்து குடிச்சானே, அதே மாதிரி. அவனுக்கு அந்த வாசனையே பிடிக்காது."

சொல்லிவிட்டு, கொல்லையில் பழத்தைக் காக்கை கொத்துகிறதென்று போய்விட்டாள்.

இருபது வருஷம் குடித்த மனிதருக்குக் குடித்த பொருள் பிடிக்கவே பிடிக்காது என்ற செய்தி எனக்குப் புதிது. யோசித்துப் பார்த்தால், மதுக்கடை வாசலில் நான் கேட்ட மூன்று கேள்விகளும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் கேள்விகள்தாம். குளிர்ச்சி, ருசி தெரியாமல் இறங்குவதற்கு. சதவீதம், சீக்கிரம் முடிவதற்கு.

ருசி பார்க்கிறவன் குடிகாரன் ஆகமாட்டான் என்று நான் வாதிக்க வரவில்லை. சிகாகோவிலும் குடித்துக் கெட்டவர்கள் இருக்கிறார்கள். மருமகனே இரண்டு பேரைச் சொன்னான். அமெரிக்காவும் 1920-லிருந்து 1933 வரை மதுவிலக்கைப் பார்த்த தேசம். அதில் சின்ன வடிப்பாலைகள் ஏராளமாக அழிந்தன. பிறகு பல வருஷம் பெரிய கம்பெனிகளின் ஒரே மாதிரியான பீர்தான். 1978-ல் வீட்டில் பீர் வடித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்த பிறகே, வடித்தவர்கள் ஒருவர் வடித்ததை மற்றவர் குற்றம் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தக் குற்றம் சொல்லலிலிருந்து பிறந்ததுதான் இந்த ஐம்பது மார்க் தாள்.

நம் கதை வேறு. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் விலகி, 1974-ல் திரும்பி வந்து, 1981-ல் மறுபடி விலகியது. 1987-ல் கள்ளுக்கு விழுந்த பூட்டு இன்னும் திறக்கவில்லை. 2003-லிருந்து சில்லறை விற்பனையை அரசாங்கமே நடத்துகிறது. இதில் ஒரு வேடிக்கை, இவ்வளவு விற்பனையும் நடப்பது 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழேயே! ராஜாஜியின் நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். என் அம்மாவைப் போன்றவர்களின் கண்ணீர் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இந்த மூடலுக்கும் திறப்பதற்கும் நடுவே, வடிக்கிறவன் ஒருவன், குற்றம் சொல்கிறவன் ஒருவன் என்ற உறவு மட்டும் முளைக்கவே இல்லை. டீக்கடைக்காரரிடம் பால் இரண்டு முறை காய்ந்ததைச் சொல்லலாம். மதுக்கடைக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் எதைச் சொல்வது? அவர் சில்லறை கொடுக்கவே நேரம் இல்லாதவர்.

தமிழனுக்கு இந்தத் தொழில் தெரியாது என்று நினைக்கவேண்டாம். பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அதாவது நம்முடைய இந்தத் தொண்டை நாட்டுச் சரக்கு. அதில் வலைஞர் வீட்டில் மது வடிக்கும் முறை படிப்படியாக வருகிறது. குத்தாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டில் ஆறவைத்து, 'நல்லடை' என்பதைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தாளிக்குக் கொடுப்பார்கள். நல்லடை என்பதற்கு முளையை இடித்துச் செய்த அடை என்று உரையில் பொருள் சொல்கிறார்கள். முளைகட்டிய தானியம் மாவைச் சர்க்கரையாக்கும். சிகாகோக்காரன் பார்லியை முளைகட்டி உலர்த்திச் செய்வதும் அதே வேலைதான்.

இதை மருமகனுக்குப் படித்துக் காட்டியதும் அவன் துள்ளிக் குதித்தான். சிகாகோவில் அவனுடைய நிலவறையில் வடித்துப் பார்க்கப் போகிறானாம். இங்கே கீழ்க்கட்டளையில் ஒரு சாடி வைத்தால் போலீஸ் வரும். சுவையை எப்படி விவரிப்பது, எந்த வகையில் சேர்ப்பது, மார்க் போட யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் அவனுக்குக் கவலை வந்துவிட்டது. எனக்கு வந்த சந்தேகம் வேறு. நெல்லை முளைகட்டுவது எனக்குத் தெரியாது. என் தலைமுறையில் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

அவன் ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் அம்மாவைக் கேட்டேன். எதற்கு என்றாள். மறைக்காமல் சொன்னேன். பதில் பேசாமல் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக் கட்டும் முடிந்தது. தண்டுகளைத் தனியாக ஒதுக்கிவைத்தாள்.

"ஒரு ராத்திரி ஊறணும். அப்புறம் தண்ணியை வடிச்சுட்டுக் கோணியில கட்டி வைக்கணும். மேல வைக்கோல் போட்டு மூடு. நடுவுல கையை விட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கணும்னு சொல்லு அவன்கிட்ட. சூடு ஏறிட்டா புழுங்கி நாத்தம் வந்துடும்."

அப்படியே எழுதி அனுப்பினேன்.