கதவுக்குப் பின்னால்

அண்ணனுக்கு மலத்தோடு இரத்தம் போனது எங்கள் யாருக்கும் தெரியாது. மூலம்தான் என்று தாமே முடிவுகட்டி, கருணைக்கிழங்கும் இளநீருமாக ஓராண்டை ஓட்டிவிட்டார். பெருங்குடல் புற்று என்று தெரிந்தபோது அது ஈரல்வரை பரவியிருந்தது. 2016-இல், தம் 58-ஆவது வயதில் எங்களை விட்டுப் போனார்.

உடன்பிறந்தவருக்கு இந்நோய் வந்தால் மற்றவர்கள் 40 வயதிலேயே குழாய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டுமாம். அப்போது எனக்கு 52. அப்படியும் ஏழாண்டு தள்ளிப்போட்டேன். பயம் பாதி, வெட்கம் பாதி. மனைவி என்னோடு பேசுவதையே நிறுத்திய பிறகுதான் போனேன். முதல்நாள் பேதி மருந்து குடித்துக் கழிவறையே கதியாய்க் கிடந்ததை எழுத வேண்டாம்; அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

டாக்டர் நம் பிள்ளை. என் மகள் வயதுதான் இருக்கும். தாளில் படம் வரைந்து காட்டினார்.

"கடைசியில் குழாயின் நுனியைக் குடைப்பிடிபோல் வளைத்துத் திருப்பிப் பார்ப்பேன், அங்கிள்."

எனக்கு வயிறு கலங்கியது. "உள்ளே வைத்தா? கிழிந்துவிடாதா, டாக்டர்?"

"வீட்டுக்குள் நேரே நடந்து போகிறவருக்குக் கதவுக்குப் பின்னால் நிற்பவன் தெரிவானா? ஆசனவாய்க்கு ஒட்டிய இடமும் அப்படித்தான். கிழிவது மிக அரிது. ஆனால் இடம் குறுகியிருந்தாலோ, புண்பட்டு வீங்கியிருந்தாலோ செய்யமாட்டேன். முட்டினால் அழுத்தவும் மாட்டேன்."

பலருக்கு நேர்ப்பார்வையில் கண்டதற்குமேல் புதிதாக எதுவும் அகப்படாது என்றும் அவரே சொன்னார். வலப்பக்கக் குடலில் சிலர் இப்படித் திருப்புவார்களாம். தாம் அங்கே நேராகவே இருமுறை பார்ப்பதாகவும், அதிலும் ஏறக்குறைய அதே பலன் உண்டு என்றும் சொன்னார். மறைக்காமல் சொன்னதே எனக்குத் தெம்பு தந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மருந்து மயக்கத்தில் அரைக்கண்ணால் திரையைப் பார்த்தேன். வாசல்வழியாகக் கறுப்புக் குழாய் நுழைவது தெரிந்தது. குழாய் தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது! அதன் ஓரத்தில் மூலம் புடைத்திருந்தது. அதற்குச் சற்று மேலே, பருப்பளவில் ஒரு சிறு கட்டி. கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்தார்கள். 1969-இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா என்ற மருத்துவர் தொடங்கிவைத்த முறையாம் அது. வலியே தெரியவில்லை.

புற்று இல்லை, ஆனால் விட்டிருந்தால் புற்றாகக்கூடிய வகை என்று முடிவு வந்தது. ஐந்தாண்டில் மறுபடி வரச் சொன்னார்.

அண்ணன் மகனுக்கு இப்போது வயது 41. "எனக்குத்தான் ஒன்றுமில்லையே, சித்தப்பா," என்கிறான். அடுத்த மாதம் நாள் வாங்கிவிட்டேன். நானே காடியில் ஏற்றிக்கொண்டு போகப் போகிறேன்.